காலையில் நேர்சரி, மத்தியானம் டே கெயார்: இரண்டும் கைகோர்த்தால் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்?

பதினொன்றரை மணிக்குத் திருகோணமலையில் ஏதாவது ஒரு முன்பள்ளி வாசலில் நின்று பாருங்கள். அம்மம்மாமார் குடையோடு நிற்பார்கள். ஆட்டோக்காரத் தம்பி ஐந்து பிள்ளைகளை அடுக்கி ஏற்றிக்கொண்டிருப்பார். அந்தக் கூட்டத்தில் மூன்று நான்கு பிள்ளைகள் வீட்டுக்குப் போகாது, நேரே டே கெயாருக்குப் போகும். அம்மா கச்சேரியிலோ ஆஸ்பத்திரியிலோ ஹோட்டலிலோ வேலை முடித்து வரும் வரைக்கும் அங்கேதான்.

நான் உப்புவெளிப் பக்கம் ஒரு முன்பள்ளியில் நெடுங்காலம் படிப்பித்தவள். எங்கள் முன்பள்ளியும் நடந்து போகும் தூரத்தில் இருக்கும் ஒரு பகல்நேரப் பராமரிப்பு நிலையமும் சில வருஷங்களாக எழுத்தில் ஓர் உடன்பாடு வைத்துச் சேர்ந்து வேலை செய்கின்றன. பெற்றோர் கூட்டத்திலும், மற்ற ஊர் டீச்சர்மாரிடமிருந்தும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதிவைக்கிறேன்.

கூட்டு என்றால் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவதா?

இல்லை. நிர்வாகம் வேறு, கட்டடம் வேறு, கட்டணம் வேறாகவே இருக்கலாம். பிள்ளை ஒன்று என்பதை மட்டும் இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

நடைமுறையில் இது பல படியாக இருக்கிறது. ஒருவருக்கொருவர் தொலைபேசி இலக்கம் தெரிந்திருப்பதும் ஒரு கூட்டுத்தான், மிகச் சின்னது. அதற்கு மேலே, டீச்சர்மாருக்கு நடக்கும் பயிற்சியில் டே கெயார் அக்காமாரும் வந்து உட்காருவது. அதற்கும் மேலே, பிள்ளையைப் பற்றிய குறிப்பு ஒரே கொப்பியில் இரண்டு கையெழுத்திலும் இருப்பது. எல்லாவற்றுக்கும் மேலே, ஆளையும் காசையும் பங்கிடுவது: பயிற்சி பெற்ற டீச்சர் ஒருவர் கிழமையில் சில மணித்தியாலம் டே கெயாரில் இருந்து வேலை செய்வது. நாங்கள் இப்போது மூன்றாவது படியில் நிற்கிறோம், நான்காவதில் ஒரு காலை வைத்திருக்கிறோம்.

இது வெளிநாட்டுக் கதையா? எங்கே செய்து பார்த்திருக்கிறார்கள்?

பெரிய அளவில் செய்து பார்த்த இடம் அமெரிக்கா. அங்கே வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்காக ஹெட் ஸ்டார்ட் என்ற அரச திட்டம் 1965இல் தொடங்கியது. பாடத்தோடு சாப்பாடு, சுகாதாரப் பரிசோதனை, பெற்றோருக்கான உதவி எல்லாம் அதற்குள் வரும். மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஏர்லி ஹெட் ஸ்டார்ட் என்று 1990களின் நடுப்பகுதியில் இன்னொன்று வந்தது. தரம் நல்லது. ஆனால் வேலைக்குப் போகும் தாய்க்கு அதன் நேரம் பல இடங்களில் போதவில்லை. மறுபக்கம் சாதாரண டே கெயார்கள் நாள் முழுக்கத் திறந்திருந்தன. அவற்றின் தரம் ஒன்றுக்கொன்று மலையும் மடுவுமாக இருந்தது. இரண்டையும் முடிச்சுப் போட 2014இல் அமெரிக்க காங்கிரஸ் 50 கோடி டொலர் ஒதுக்கியது. டே கெயார் தன் இடத்திலேயே, தன் பெயரிலேயே இயங்கும். ஆனால் ஏர்லி ஹெட் ஸ்டார்ட்டின் விதிகளைக் கடைப்பிடிக்க வேண்டும்: நான்கு குழந்தைக்கு ஒரு பராமரிப்பாளர், ஒரு குழுவில் எட்டுக்கு மேல் இல்லை, சேர்ந்து 45 நாளுக்குள் வளர்ச்சிப் பரிசோதனை. அதற்கான காசும் பயிற்சியும் திட்டத்திலிருந்து வரும்.

அதற்கு முன்பே, 2000களின் முற்பாதியில், ஓஹையோ மாநிலத்தில் ஹெட் ஸ்டார்ட்டோடு கூட்டு வைத்த டே கெயார்களையும் வைக்காதவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கூட்டு வைத்த இடங்களில் வகுப்பறைத் தரம் கூடுதலாக இருந்தது; பிள்ளைகளுக்குப் பரிசோதனைகளும் கூடுதலாகக் கிடைத்தன. இதை அப்படியே விழுங்கிவிடவும் கூடாது. கூட்டுக்கு முதலில் கை தூக்கும் நிலையம் ஏற்கெனவே கொஞ்சம் நல்ல நிலையமாக இருக்கக்கூடும் அல்லவா? மாப்பிள்ளை நல்லவரா, கல்யாணத்தால் நல்லவரானாரா என்ற கேள்வி மாதிரித்தான்.

எனக்கு அதைவிட மனதில் நிற்பது இங்கிலாந்தின் ஆய்வு. 1997இல் தொடங்கி ஏறத்தாழ 3,000 பிள்ளைகளை மூன்று வயதிலிருந்து பின்தொடர்ந்தார்கள். படிப்பையும் பராமரிப்பையும் ஒரே இடத்தில் சேர்த்துக் கொடுத்த நிலையங்கள் தரத்தில் முன்னுக்கு நின்றன. இன்னொன்றும் கண்டார்கள்: தகைமை குறைந்த பராமரிப்பாளர், தகைமை உள்ள ஆசிரியரோடு பக்கத்தில் நின்று வேலை செய்யும்போது பிள்ளைகளோடு பழகும் விதமே மேம்படுகிறது. பட்டறையில் பெற்ற சான்றிதழ் செய்யாததைப் பக்கத்தில் நிற்கும் ஆள் செய்கிறார். எங்கள் அனுபவமும் அதுதான்.

தரம், தரம் என்கிறீர்களே, அது என்ன? ஏசி, சிசிடிவி, கலர் சுவர்?

கண்ணுக்குத் தெரியும் தரம் ஒன்று இருக்கிறது: எத்தனை பிள்ளைக்கு ஒரு ஆள், கழிப்பறை, வேலி, தண்ணீர், முதலுதவிப் பெட்டி. இவை இல்லாமல் மற்றதைப் பற்றிக் கதைக்க முடியாது. ஒரு அக்கா பத்துப் பன்னிரண்டு பிள்ளையைத் தனியாகப் பார்ப்பது எங்கள் பக்கத்தில் புதினமல்ல. அந்த நிலையில் எந்தப் பயிற்சியும் தண்ணீரில் கரைத்த உப்புத்தான்.

உள்ளே இருக்கும் தரம் வேறு. பிள்ளை விரலை நீட்டி "அங்க பார், மயில்" என்று சொல்லும்போது அக்கா தலை நிமிர்த்திப் பார்க்கிறாரா? "ஓ, மயில்தான், எங்க போகுது?" என்று கேட்கிறாரா, அல்லது "கத்தாம இரு" என்கிறாரா? அழுகிற பிள்ளையை எத்தனை நிமிஷத்தில் யாராவது தூக்குகிறார்கள்? ஆய்வாளர்கள் இதற்கென்று 7 புள்ளி அளவுகோல் வைத்து வகுப்பறையில் மணிக்கணக்காக உட்கார்ந்து பார்க்கிறார்கள். எங்களுக்கு அந்த வசதி இல்லை. அரை மணித்தியாலம் ஓரமாக உட்கார்ந்தாலே பாதி விளங்கிவிடும்.

சரி, நேர்சரியோடு சேர்ந்தால் அந்த உள்ளே இருக்கும் தரம் எப்படி உயரும்?

எங்கள் முதல் முயற்சி ஒரு தோல்வி, அதிலிருந்தே சொல்கிறேன். சனிக்கிழமைகளில் ஒரு மாதம் டே கெயார் அக்காமாருக்கு வகுப்பு வைத்தோம். விளையாட்டின் மூலம் கற்றல், வளர்ச்சிப் படிகள் என்று பெரிய தாளில் எழுதிப் படிப்பித்தோம். மாதம் முடிந்து போய்ப் பார்த்தால், அங்கே மிஞ்சியிருந்தது ஒரு பாட்டும் ஒரு கைதட்டலும்தான். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஐந்து நாள் வேலை செய்தவர்களை ஆறாவது நாளும் கூப்பிட்டு வைத்துப் பேசினால் யாருக்குத்தான் ஏறும்?

அப்புறம் மாற்றினோம். எங்கள் டீச்சர் ஒருவர் செவ்வாயும் வியாழனும் பன்னிரண்டு மணிக்குப் பிள்ளைகளோடு தானும் நடந்து டே கெயாருக்குப் போவார். ஒன்றரை மணி வரை இருப்பார். கை கழுவுவது, சாப்பாடு, பாய் விரிப்பது, கதை சொல்லித் தூங்கவைப்பது. பாடம் எதுவும் இல்லை. ஆனால் சோறு போடும்போது "உனக்கு எத்தனை கரண்டி?" என்று அவர் கேட்பதை அக்கா பார்க்கிறார். மூன்றாவது கிழமை அக்காவும் கேட்கிறார்.

இது ஒருவழிப் பாதையும் இல்லை. எங்கள் வகுப்பில் ஒரு பையன் சொல்வழி கேட்காதவன், முரடன் என்று நாங்களே பெயர் வைத்துவிட்டோம். டே கெயார் அக்காதான் கொப்பியில் எழுதினார்: "இடது பக்கம் படுத்தால் கூப்பிடக் கேட்கிறது, வலது பக்கம் படுத்தால் கேட்கவில்லை." தூங்கும் பிள்ளையைப் பார்க்கிறவருக்குத்தான் அது தெரியும். இரண்டு குறிப்பையும் சேர்த்துத் தாயிடம் கொடுத்தோம். அவர் கிளினிக்கில் காட்டினார். காதில் நீர் கட்டியிருந்தது. வைத்தியம் பார்த்த பிறகு அந்த முரடன் எங்கே போனான் என்றே தெரியவில்லை. பத்து வருஷம் படிப்பித்த நான் காணாததை, பயிற்சி இல்லாதவர் என்று நாங்கள் நினைத்தவர் கண்டார்.

கூட்டு வைத்ததால் தரம் குறைந்ததும் உண்டா?

உண்டு. பலர் சொல்லாத விஷயம் இது, நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நேர்சரி கொடுக்கும் வீட்டுவேலையை டே கெயார் செய்விப்பது என்பதுதான் எங்கள் ஊரில் கூட்டு என்று பெரும்பாலும் நடக்கிறது. காலையில் மூன்று மணித்தியாலம் மேசையில் உட்கார்ந்த நான்கு வயதுப் பிள்ளை, பின்னேரம் இரண்டு மணிக்கு மறுபடியும் கொப்பியைத் திறந்து "அ" ஒரு பக்கம், ஏ பி சி ஒரு பக்கம் எழுதுகிறது. பெற்றோருக்குச் சந்தோஷம், ஏனென்றால் வீட்டுக்கு வந்து அந்தச் சண்டை இல்லை. டே கெயாருக்கும் சந்தோஷம், "நாங்கள் படிப்பிக்கிறோம்" என்று சொல்லலாம். பிள்ளை மட்டும் நாலரை மணிக்கு அழுதுகொண்டு ஆட்டோவில் ஏறும். அந்த வயதுக் கை எலும்பும் தசையும் பென்சிலை மணிக்கணக்காகப் பிடிக்கத் தயாராக இல்லை. மணலும் களிமண்ணும் மண்வாளியும்தான் அந்தக் கைக்குப் பயிற்சி. திருக்கடலூரில் வலை பின்னும் அப்பாவின் பக்கத்தில் இருந்து முடிச்சுப் போட்டுப் பழகுகிற பிள்ளையின் விரலைப் பாருங்கள், எந்தக் கொப்பியும் அதைக் கொடுக்காது.

ஆகவே எங்கள் உடன்பாட்டின் முதல் வரியே இதுதான்: மத்தியானத்துக்குப் பிறகு எழுத்து வேலை இல்லை. இதற்காக இரண்டு பெற்றோர் பிள்ளையை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். மாற்றட்டும்.

அமெரிக்காவிலும் கூட்டுகள் கலைந்தன. நான்கு பேருக்கு ஒருவர் என்ற விதியைச் சின்ன டே கெயார்களால் தாங்க முடியவில்லை, அல்லது பயிற்சி பெற்ற ஆள் கூடுதல் சம்பளத்துக்கு வேறிடம் போய்விட்டார். விதியைக் கொடுத்துவிட்டுக் காசைக் கொடுக்காத கூட்டு, தாங்கமுடியாத சுமையை மற்றவர் தலையில் வைப்பதுதான்.

டீச்சர் வந்து சொல்லிக்கொடுத்தால் டே கெயார் அக்காவின் மனம் நோகாதா?

நோகும். எங்களுக்கும் நடந்தது. "நீங்க படிச்சவங்க மிஸ், எங்களுக்கு என்ன தெரியும்" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பு நல்ல சிரிப்பு இல்லை. முன்பள்ளி ஆசிரியையின் கொடுப்பனவே சின்னத் தொகை, அதிலும் குறைவாக வாங்குகிறவர் டே கெயார் அக்கா. அவரை மேலேயிருந்து கண்காணிக்க இன்னொருவர் வருகிறார் என்றால் யாருக்குத்தான் பிடிக்கும்?

கொப்பியை முதலில் அவரிடம் கொடுத்தோம். முதல் குறிப்பு எப்போதும் அவருடையது, டீச்சர் கீழே எழுதுவார். மாதம் ஒருமுறை அக்காமாரும் காலையில் எங்கள் வகுப்புக்கு வந்து உட்கார்ந்து எங்களைப் பார்ப்பார்கள். முதல் நாள் எனக்குத்தான் கை நடுங்கியது.

செலவு யார் தலையில்?

மறைக்க ஒன்றுமில்லை: ஒரு பகுதி பெற்றோர் தலையில். டீச்சரின் கிழமைக்கு மூன்று மணித்தியாலத்துக்கான காசை இரண்டு நிலையமும் பாதிபாதியாகப் போடுகின்றன. அதனால் இரண்டு இடத்திலும் கட்டணம் சற்று ஏறியது. விளையாட்டுப் பொருட்களை வாங்காமல் மாற்றிக்கொள்கிறோம், ஒரு மாதம் அங்கே, ஒரு மாதம் இங்கே. காசு கட்ட முடியாத குடும்பத்துக்கு என்ன செய்வது என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். நாங்கள் செய்யவில்லை, ஒரு தாய் சொல்லாமல் நின்றுவிட்டார். பிறகுதான் காரணம் தெரிந்தது.

யாரிடம் போய்க் கதைக்க வேண்டும்? எந்தக் கந்தோர்?

இங்கேதான் தலை சுற்றும். 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின் பிறகு முன்பள்ளிக் கல்வி மாகாண விடயம். ஆகவே முன்பள்ளியின் பதிவு, மேற்பார்வை எல்லாம் கிழக்கு மாகாணத்தின் பாலர் பாடசாலைக் கல்விப் பணியகத்தின் பக்கம். பிரதேச செயலகத்தில் இருக்கும் முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தி உத்தியோகத்தர் மத்திய அமைச்சின் சிறுவர் செயலகத்தோடு தொடர்புபட்டவர். பிள்ளையின் நிறை, ஊசி, வளர்ச்சி எல்லாம் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் ஊர் மருத்துவமாதுவும். சிறுவர் பாதுகாப்பு என்றால் 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை. ஒரு பிள்ளைக்கு நான்கு கோப்பு.

என் அனுபவத்தில், பிரதேச செயலகத்து உத்தியோகத்தரிடம் முதலில் போனால் வேலை நடக்கும். அவர் வெளியே திரிகிற ஆள், எல்லா நிலையமும் அவருக்குத் தெரியும். எங்களையும் டே கெயாரையும் ஒரு மேசையில் முதலில் உட்காரவைத்தது ஒரு உத்தியோகத்தர்தான். தேத்தண்ணீரும் அவருடைய செலவு.

உடன்பாட்டில் என்ன எழுத வேண்டும்?

ஒரு பக்கம் போதும். யார் பிள்ளையைக் கூட்டிப்போவது, எத்தனை மணிக்கு, மழை பெய்தால் என்ன. கார்த்திகை மார்கழியில் இங்கே மழை எப்படி என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காய்ச்சல் என்றால் யார் தாயைக் கூப்பிடுவது. பிள்ளையைப் பற்றிய குறிப்பை யார் யார் வாசிக்கலாம். தாய் தகப்பனின் சம்மதக் கையெழுத்து. அடி, மிரட்டல் இரண்டு இடத்திலும் இல்லை என்ற வரி. டீச்சரின் நேரமும் காசும். எப்போது மறுபடி உட்கார்ந்து பார்ப்பது. பிரிவதென்றால் எத்தனை நாள் முன்னறிவித்தல் என்பதையும் எழுதுங்கள், கூட்டு உடையும்போது நடுவில் நிற்பது பிள்ளைதான்.

சாப்பாடு, நோய் விஷயத்தில் ஏதாவது மாற்றம் தெரிந்ததா?

நிறையவே. முன்பெல்லாம் முன்பள்ளியில் காலையில் கடலை, பயறு, சத்துமா. டே கெயாரில் பணிஸும் பிஸ்கட்டும் பால்தேத்தண்ணீரும். இப்போது கிழமைப் பட்டியல் ஒன்றாகப் போடுகிறோம். காலையில் பயறு என்றால் மத்தியானம் சோற்றோடு மீனும் கீரையும். மீன் எங்கள் ஊரில் கிடைக்காத பொருளா?

பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் புத்தகத்தைச் சேரும்போதே இரண்டு இடத்திலும் பார்க்கிறோம். நிறைக்கோடு எந்தப் பக்கம் போகிறது, 3 வயது எம்எம்ஆர் ஊசி போட்டாயிற்றா, விற்றமின் ஏ கொடுத்தாயிற்றா. டெங்கும் அப்படியே. 2017இல் கிண்ணியாவில் டெங்கு பரவியபோது பட்ட பாடு மாவட்டத்துக்கே நினைவிருக்கும். முன்பள்ளி வளவைத் துப்புரவாக்கிவிட்டு, பிள்ளை மத்தியானம் தூங்கும் இடத்தில் பழைய டயரில் தண்ணீர் நின்றால் என்ன பிரயோசனம்? இப்போது வெள்ளிக்கிழமைகளில் இரண்டு வளவையும் ஒரே ஆள் சுற்றிப் பார்க்கிறார்.

எங்கள் பிள்ளை தமிழ் நேர்சரி, டே கெயாரில் சிங்களப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். குழம்பாதா?

குழம்பாது. இந்த வயதில் இரண்டு மொழி கேட்பது பாரமில்லை. ஆனால் தாகம், மூத்திரம், வலி, பயம் இந்த நான்கையும் பிள்ளை தன் மொழியில் சொன்னால் விளங்கும் ஒருவராவது அங்கே இருக்க வேண்டும். அதைக் கேட்டு உறுதி செய்யுங்கள்.

எங்கள் ஊரில் டே கெயாரே இல்லை. வெருகல் பக்கம், அம்மம்மாதான் பார்க்கிறார்.

அப்படியென்றால் உங்கள் கூட்டாளி அம்மம்மாதான். நகரத்தில் இருக்கிறவர்களுக்கு இது விளங்குவதில்லை. மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவு இருக்கிறது; பட்டினத்துக்கு வெளியே பல ஊர்களில் வயலுக்கோ கூலிக்கோ கடலுக்கோ போகும் வீட்டுப் பிள்ளை பாட்டியின் கையில்தான் வளர்கிறது. முன்பள்ளி டீச்சர் மாதம் ஒருநாள் அம்மம்மாமாரை வகுப்பில் உட்காரவைக்கட்டும். அவர்களிடம் கதை இருக்கிறது, விடுகதை இருக்கிறது, ஓலையில் காற்றாடி செய்யும் கை இருக்கிறது. டிவிக்கு முன்னால் பிள்ளையை விட்டுவிட வேண்டாம் என்று நாங்கள் சொல்வதைவிட, "உங்கள் காற்றாடியை எல்லாப் பிள்ளைக்கும் காட்டுங்கோ அம்மா" என்று கேட்டால் கூடுதல் பலன்.

பெற்றோராக நான் எதைப் பார்த்து இந்தக் கூட்டு உண்மையானது என்று தெரிந்துகொள்வது?

பெயர்ப்பலகையைப் பார்க்காதீர்கள். ஒருநாள் அரை நாள் லீவு எடுத்து, சொல்லாமல், பன்னிரண்டேகாலுக்கு டே கெயாருக்குப் போங்கள். உள்ளே விட மறுத்தால் அதுவே பதில். உள்ளே போனால், காலையில் நேர்சரியில் உங்கள் பிள்ளை என்ன செய்தது என்று அக்காவிடம் கேளுங்கள். "தெரியாது" என்றால் அங்கே இரண்டு நிலையம் இருக்கிறது, கூட்டு இல்லை. "இன்றைக்கு மணலில் கோணேசர் கோயில் கட்டினாராம், மதில் இடிந்ததாம், கொஞ்சம் கோபத்தோடதான் வந்தார், அதான் முதல் பாய் விரிச்சுக் குடுத்தனான்" என்று சொன்னால், கொப்பியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நேற்றைய பக்கம் நிரம்பியிருந்தால் திரும்ப வேலைக்குப் போகலாம்.